புகைக்காத மனைவியர்

இங்கிலாந்தின் அரியணையில் ஏறிய மறு ஆண்டு, 1604இல், மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். முதற்பதிப்பில் அவர் பெயர் இல்லை. ஆயினும் எழுதியவர் யார் என்பது எவருக்கும் தெரியாத இரகசியமாகவும் இருக்கவில்லை. மூளைக்குக் கேடு, நுரையீரலுக்குக் கேடு, கண்ணுக்கும் மூக்குக்கும் அருவருப்பு என்று குற்றச்சாட்டுகளை அடுக்கிக்கொண்டே வந்தவர், நூலின் இறுதிக்குச் சற்று முன்னால் எதிர்பாராத ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவள் புகைப்பவனின் மனைவி. கணவனின் பழக்கத்தால் அவளுக்கு இரண்டே வழிகள் எஞ்சுகின்றன என்கிறார் மன்னர்: அவளும் புகைக்கப் பழகித் தன் நல்ல மூச்சைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்; அல்லது அந்த நாற்றத்திலேயே வாழ்நாள் முழுதும் வதைபட வேண்டும்.

மன்னரின் கவலை எவ்வளவு தூய்மையானது என்பது வேறு விஷயம். புகையிலை இறக்குமதிக்கு இராத்தலுக்கு இரண்டு பென்ஸாக இருந்த வரியை ஆறு ஷில்லிங் பத்து பென்ஸாக உயர்த்தியவரும் அவரே. ஆனால் ஒருவர் விடும் புகையை இன்னொருவர் சுவாசிக்க நேர்வது குறித்த வரலாற்றை எழுதப் புகுவோர், அந்த முகமறியா மனைவியிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் இவ்வரலாற்றின் முதன்மைச் சாட்சி அவள்தான். 1604இல் அவள் ஒரு வாதத்துக்கு அணி சேர்க்க வந்தாள். அவளை எண்ணிக் கணக்கில் சேர்ப்பதற்கு 377 ஆண்டுகள் ஆயின. எண்ணியபின் அவள் சொல்வது பொய் என்று நிறுவப் பெரும்பணம் செலவிடப்பட்டது.

அந்தக் கதைக்குப் போகுமுன் சொற்களிடம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தமிழாசிரியனுக்கு இது தவிர்க்க முடியாத பலவீனம்; நண்பர்கள் பொறுத்தருள்க.

புகையிலை நம்மிடம் வந்து நானூறு ஆண்டுகளாகின்றன. அதைக் குறிக்க நாம் வைத்திருக்கும் வினைச்சொற்களைப் பாருங்கள்: பீடி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான், சுருட்டு இழுக்கிறான், தம் அடிக்கிறான், ஊதுகிறான். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களும் புகையிலையைக் 'குடித்தார்கள்'. அவர்களது அன்றைய வழக்கு அதுதான். ஜப்பானிய மொழியில் தேநீர்க் கடையின் பெயரில் வரும் அதே எழுத்துதான் புகைத்தலைக் குறிக்கும் சொல்லிலும் வருகிறது. 'தம்' என்பது பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த சொல். மூச்சு என்று பொருள். இவை எல்லாவற்றிலும் புகை உள்ளே போகிறது, அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. 'ஊதுதல்' ஒன்றுதான் புகை வெளியே வருவதை ஒப்புக்கொள்கிறது. வந்த புகை எங்கே போயிற்று என்று அதுவும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு அறிவியல் உலகில் ஒரு பெயர் சூட்டியவர் டிரெஸ்டன் நகர மருத்துவர் ஃபிரிட்ஸ் லிக்கின்ட். சமூக ஜனநாயகக் கட்சியைச் சார்ந்தவர். அதன் காரணமாகவே நாஜி ஆட்சியில் பதவி இழந்தவர். 1939இல் புகையிலையும் மனித உடலும் பற்றி ஆயிரத்து நூறு பக்கங்களைத் தாண்டும் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 'பாஸிவ்ராவ்ஹென்' என்ற ஜெர்மன் சொல் அவர் வழியாகவே வழக்கிற்கு வந்தது. அதிலிருந்து ஆங்கிலத்தின் 'பாஸிவ் ஸ்மோக்கிங்', அதிலிருந்து நம்முடைய 'மறைமுகப் புகைத்தல்'. நாஜி அரசே புகையிலை எதிர்ப்பைக் கொள்கையாகக் கைக்கொண்டிருந்ததால், போருக்குப்பின் அந்த ஆய்வுகளை எடுத்துப் பேச ஆளில்லை.

லிக்கின்டின் சொல் பயனுள்ளதுதான். ஆனால் அதன் இலக்கணம் விசித்திரமானது. நம் செயப்பாட்டுவினையில் வினைமுதல் மூன்றாம் வேற்றுமை ஏற்று 'அவனால்' என்றாவது வாக்கியத்தில் நிற்பான். இந்தச் சொற்றொடரில் அவன் முற்றாக மறைந்துவிடுகிறான். புகைக்காத மனைவி 'புகைக்கும்' செயலுக்கு எழுவாயாகிவிடுகிறாள், அதுவும் மறைமுகமாக! புகையிலை நிறுவனங்களோ இந்தச் சொல்லைக்கூட விரும்பவில்லை. 'சுற்றுச்சூழல் புகையிலைப் புகை' என்பதே அவை விரும்பி வழங்கிய தொடர். பனிமூட்டத்தைப்போல, மகரந்தத்தைப்போல, அது தானாகவே சூழலில் இருக்கிறது.

*

முதலில் எண்ணப்பட்டவர்கள் மனைவியர் அல்லர், குழந்தைகள். 1974இல் லண்டனையடுத்த ஹாரோவிலிருந்தும் ஜெருசலேமிலிருந்தும் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. புகைக்கும் பெற்றோரின் குழந்தைகள் பிறந்த முதலாண்டில் மார்ச்சளியாலும் நிமோனியாவாலும் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பது இரண்டின் முடிவும். மருத்துவர்கள் கவனித்தார்கள், உலகம் பெரிதாகக் கலங்கிவிடவில்லை. கைக்குழந்தைக்குச் சளி பிடிப்பது எந்த வீட்டில்தான் இல்லை?

டோக்கியோவில் தேசியப் புற்றுநோய் மைய ஆய்வுக்கழகத்தில் தொற்றுநோயியல் பிரிவின் தலைவராக இருந்தவர் தகேஷி ஹிராயாமா. 1965ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஒரு பெரிய கணக்கெடுப்பைத் தொடங்கினார். மியாகி, அய்ச்சி, ஒசாகா, ஹியோகோ, ஒகாயாமா, ககோஷிமா ஆகிய ஆறு மாகாணங்கள். அவற்றில் 29 சுகாதார மையப் பகுதிகள். நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 2,65,118 பேர். என்ன உண்கிறீர்கள், குடிக்கிறீர்களா, புகைக்கிறீர்களா, என்ன தொழில் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு செய்யவேண்டியது ஒன்றுதான்: காத்திருப்பது. ஆண்டுதோறும் இறந்தவர்களின் சான்றிதழ்களைப் படிவங்களோடு ஒப்பிட்டுக் கொண்டே வருவது.

இந்தக் கணக்கெடுப்பு மறைமுகப் புகையை ஆராயத் தொடங்கப்பட்டதன்று. புகைப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதும் உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பும்தான் அதன் முதன்மை நோக்கங்கள். ஆனால் மருத்துவர்களுக்கு ஒரு பழைய புதிர் இருந்தது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத பெண்களுக்கு நுரையீரல் புற்று ஏன் வருகிறது? அன்றைய ஜப்பான் இந்தப் புதிருக்கென்றே அமைத்துவைத்த ஆய்வுக்கூடம்போல் இருந்தது. 1960களின் நடுவில் அங்கே ஆண்களில் ஐந்தில் நான்கு பேர் புகைத்தார்கள். பெண்களில் மிகப் பெரும்பாலோர் புகைக்கவில்லை. ஹிராயாமா செய்தது, கேட்டபின் எளிதாகத் தோன்றும் ஒரு காரியம். கணவனின் படிவத்தையும் மனைவியின் படிவத்தையும் இணைத்தார். புகைக்காத மனைவியர் 91,540 பேரைத் தனியே பிரித்தார். அவர்களை அவர்களுடைய கணவர்கள் நாளொன்றுக்கு எத்தனை சிகரெட் புகைத்தார்கள் என்பதைக்கொண்டு வகைப்படுத்தினார். 1966 முதல் 1979 வரை பதினான்கு ஆண்டுகளில் அவர்களில் நுரையீரல் புற்றால் இறந்தவர்களை எண்ணினார்.

கணவன் புகைக்காத வீட்டில் இறப்பு குறைவு. கணவன் அளவாகப் புகைத்த வீட்டில் கூடுதல். நாளொன்றுக்கு இருபதும் அதற்கு மேலும் புகைத்தவர்களின் மனைவியரிடத்தில் ஏறத்தாழ இருமடங்கு. படிப்படியாக ஏறும் இந்த ஏணிதான் முக்கியம். தற்செயல் இப்படி ஒழுங்காகப் படியேறுவதில்லை. உழவர் குடும்பங்களில், சேர்க்கையின்போது கணவனுக்கு நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதாகியிருந்த வீடுகளில், வேறுபாடு இன்னும் கூர்மையாக இருந்தது.

கட்டுரையில் என்னைக் கவர்ந்தது, அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி. ஹிராயாமா கணவர்களின் குடிப்பழக்கத்தையும் இதேபோல் இணைத்துப் பார்த்தார். அதே ஆண், அதே வீடு, அதே வருமானம். கணவன் குடிப்பது மனைவியின் எந்த நோய்ச்சாவோடும் தொடர்பு காட்டவில்லை. (அவளுடைய வாழ்க்கை என்ன ஆயிற்று என்பதைப் புள்ளிவிவரம் கேட்கவில்லை, அது வேறு கட்டுரை.) கணவனின் புகை மனைவியின் வயிற்றுப் புற்றைக் கூட்டவில்லை, கருப்பைவாய்ப் புற்றையும் கூட்டவில்லை. வறுமையோ, பொதுவான நலக்கேடோ காரணமாக இருந்தால் இவையும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? நுரையீரல் மட்டும்தான் கணக்குச் சொல்லியது.

1981 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இக்கட்டுரை வெளிவந்தது. அதே மாதம் ஏதென்ஸிலிருந்து டிமிட்ரியோஸ் டிரிக்கோபுலோஸ் குழுவினரின் சிறிய ஆய்வொன்று வேறோர் இதழில் வந்தது. புகைக்காத நோயாளிப் பெண்கள் நாற்பதே பேர்தான் அதில்; முடிவு ஹிராயாமாவினுடையதை ஒத்திருந்தது. இரு குழுக்களும் ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அதே ஆண்டு அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் லாரன்ஸ் கார்ஃபிங்கல் 1,70,000க்கும் மேற்பட்ட புகைக்காத பெண்களின் தரவுகளைப் பார்த்து, அதிகரிப்பு மிகச் சிறிது, புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாதது என்றார். நேர்மையான ஆய்வு அது. வீட்டுக்கு வெளியே, அலுவலகத்திலும் உணவகத்திலும் எல்லோருடைய புகையையும் சுவாசித்த அமெரிக்கப் பெண்களிடையே, கணவனை மட்டும் வைத்து வகைபிரிப்பது தெளிவாக எதையும் காட்டாது என்று விளக்கம் கூறப்பட்டது.

*

புகையிலை நிறுவனங்களின் அமெரிக்கக் கூட்டமைப்பு ஹிராயாமாவை உடனே தாக்கியது. நேதன் மேன்டல் என்ற புகழ்பெற்ற புள்ளியியலாளரின் ஐயத்தை முன்வைத்து, ஜப்பானியரின் கணக்கில் பிழை இருக்கிறது என்று செய்தி பரப்பினார்கள். செய்தித்தாள்களில் விளம்பரமும் கொடுத்தார்கள். விஞ்ஞானிகளே கருத்து வேறுபடுகிறார்கள் என்று வாசகன் நினைத்தால் போதும். விளம்பரத்தின் வேலை அவ்வளவுதான்.

உள்ளே நடந்தது பல ஆண்டுகள் கழித்து, நிறுவன ஆவணங்கள் வெளியானபோது தெரிந்தது. 1981 ஜூலையில் பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர் எழுதிய குறிப்பு கிடைத்தது. ஜெர்மன் புகையிலைத் தொழிலுக்கே ஆலோசகர்களாக இருந்த விஞ்ஞானிகள் ஹிராயாமா நல்ல அறிவியலாளர் என்றும், மனைவியர் பற்றிய அவரது முடிவு சரியானது என்றும் கருதியதாக அதில் இருக்கிறது. அவர்களில் ஒருவர், அமெரிக்கக் கூட்டமைப்புக்கும் அது தெரியும், தெரிந்தேதான் மறுப்பு வெளியிட்டது என்று சொன்னதாகவும் இருக்கிறது.

கூட்டல் கழித்தலில் குறை காண முடியாதபோது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது நீதிமன்றத் தந்திரம். இங்கும் அதுவே நடந்தது. புகைக்கவில்லை என்று சொன்ன மனைவியர் உண்மையில் ஒளிந்து புகைத்தவர்களாக இருக்கலாமே? ஜப்பானில் பெண் புகைப்பது இழுக்கு, ஆகவே மறைத்திருப்பார்கள், புகைக்கும் கணவனுக்குப் புகைக்கும் மனைவி வாய்ப்பதும் இயல்பு, ஆகவே இந்தப் புற்றுகள் அவர்கள் தாமே தேடிக்கொண்டவை. கேள்வி அறிவியல்படி தவறானதன்று. நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினினைச் சிறுநீரில் அளந்து சரிபார்க்கலாம். இத்தகைய பிழைகளுக்கு இடம்கொடுத்துத் திருத்திய பின்னும் தொடர்பு நிலைத்தது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நிறுவனங்கள் வேறு வழியில் போயின. ஜப்பானிய மனைவியரின் வாய்மொழியையும் சிறுநீரையும் ஒப்பிடும் ஓர் ஆய்வுக்குத் தாமே பணம் கொடுத்தன. 1995இல் அது வெளிவந்தபோது ஆசிரியராக இருந்தவர் பீட்டர் லீ என்ற பிரிட்டிஷ் ஆலோசகர் ஒருவர் மட்டுமே. களத்தில் தரவு திரட்டிய ஜப்பானிய ஆய்வாளர்களின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. அவர்களுள் ஒருவரான ஐஜி யானோ, இந்தக் கட்டுரை எப்படி உருவாக்கப்பட்டது என்பதை 2005இல் விரிவாக எழுதினார்.

நுரையீரல் புற்றால் இறந்துபோன ஓர் உழவர் வீட்டுப் பெண், இறந்த பின்னும் தான் திருட்டுத்தனமாகப் புகைத்தவள் அல்லள் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இவ்வரலாற்றில் எனக்கு மிகக் கசப்பாகப்படும் இடம் இதுதான்.

அதே 2005இல் இன்னொன்றும் அம்பலமானது. ஃபிலிப் மாரிஸ் நிறுவனம் 1971இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தை வாங்கியிருந்தது. சிகரெட்டின் எரியும் முனையிலிருந்து எழும் புகை, புகைப்பவர் உள்ளிழுக்கும் புகையைவிட எடைக்கு எடை ஏறக்குறைய நான்கு மடங்கு நச்சுத்தன்மை கொண்டது என்பதை 1980களிலேயே அங்கு எலிகளில் சோதித்து அறிந்திருந்தார்கள், பெரும்பகுதியை வெளியிடவில்லை. இரண்டு இழுப்புகளுக்கிடையே சிகரெட் குறைந்த வெப்பத்தில் புகைந்துகொண்டிருக்கிறது. அரைகுறை எரிதலில் நச்சுப்பொருள்கள் கூடுதலாக உண்டாகின்றன. அந்தப் புகை வடிகட்டியின் வழியாகவும் வருவதில்லை. அறையில் மிதக்கும் புகையில் பெரும்பங்கு இதுதான். விலை கொடுத்து வாங்கியவருக்கு வடிகட்டியது, உடனிருப்பவருக்கு வடிகட்டாதது.

அமெரிக்காவில் இதன் பின் நடந்தவை பலரும் அறிந்தவை; விரைந்து கடக்கலாம். 1986இல் அந்நாட்டுத் தலைமை மருத்துவர் எவரெட் கூப்பின் அறிக்கை. 1993 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்தப் புகையை மனிதரில் புற்றுண்டாக்கும் பொருளென்று வகைப்படுத்தியது. 1991இல் நார்மா பிராயின் என்ற விமானப் பணிப்பெண்ணும் தோழியரும் மயாமியில் வழக்குத் தொடுத்தார்கள்; புகைத்தறியாத அவருக்கு முப்பத்திரண்டு வயதில் நுரையீரல் புற்று. பயணிகளின் புகையைச் சுவாசிப்பது அவர்களது வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. 1997இல் சமரசமாகி, ஆய்வு அறக்கட்டளை ஒன்றுக்கு நிறுவனங்கள் முப்பது கோடி டாலர் கொடுத்தன. 2006 ஆகஸ்டில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், மறைமுகப் புகையின் தீங்கு உட்படப் பலவற்றில் நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார்.

இன்று அறிவியல் சொல்வது என்ன? புகைப்பவரோடு வாழ்பவருக்கு நுரையீரல் புற்றுக்கான வாய்ப்பு 20 முதல் 30 விழுக்காடு கூடுகிறது என்பது 2006ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைமை மருத்துவர் அறிக்கையின் மதிப்பீடு. ஹிராயாமா கண்ட இருமடங்கைவிட இது குறைவு. அவர் பேசியது மிக அதிகம் புகைத்தவர்களின் மனைவியரைப் பற்றி என்பதை நினைவில் வைக்க வேண்டும். பலரும் கவனிக்காதது வேறொன்று. மனைவியரின் நுரையீரலைச் சுற்றி இவ்வளவு சண்டை நடந்துகொண்டிருக்க, அதிகம் பேரைக் கொன்றது இதய நோய். 2004ஆம் ஆண்டுக்கு உலக அளவில் செய்யப்பட்ட மதிப்பீட்டில் பிறர் புகையால் இறந்தவர்கள் 6,03,000 பேர். இதய நோயால் 3,79,000. குழந்தைகளைத் தாக்கும் சுவாசத் தொற்றுகளால் 1,65,000. நுரையீரல் புற்றால் 21,400. இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். கால்வாசிக்கு மேல் குழந்தைகள். இரத்தத் தட்டணுக்களையும் இரத்தக்குழாய்ச் சுவரையும் மிகச் சிறிதளவு புகையே பாதித்துவிடுவதுதான் இதற்குக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அண்மை மதிப்பீடுகள் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகின்றன.

*

ஜப்பானில் சிகரெட் விற்றது 1985 வரை அரசின் ஏகபோகக் கழகம். பின்னர் அது ஜப்பான் டொபாக்கோ என்ற நிறுவனமானது. அதன் பங்குகளில் மூன்றிலொன்றுக்கு மேல் நிதியமைச்சரின் பெயரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அரசின் ஒரு கை சிகரெட் விற்க, இன்னொரு கை சாவை எண்ணியது. ஹிராயாமா 1995இல் காலமானார். 2016 ஆகஸ்டில் அவருடைய அதே தேசியப் புற்றுநோய் மையம், ஜப்பானில் நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, மறைமுகப் புகையால் நுரையீரல் புற்று வாய்ப்பு 1.28 மடங்காகிறது என்று கண்டு, இத்தொடர்பு 'ஏறத்தாழ உறுதி' என்ற நிலையிலிருந்து 'உறுதி' என்ற நிலைக்கு உயர்த்தப்படுகிறது என அறிவித்தது. அன்றே ஜப்பான் டொபாக்கோ தலைவரின் பெயரில் மறுப்பு வந்தது. அடுத்த மாதம் மையம் அதற்கு வரிக்கு வரி விடையளித்தது. ஹிராயாமாவின் கட்டுரை வெளிவந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 15,000 ஜப்பானியர் பிறர் புகையால் இறக்கிறார்கள் என்ற மதிப்பீடும் அப்போது வெளியானது. உணவகங்களை உள்ளடக்கிய திருத்தச் சட்டம் 2018இல் நிறைவேறி, 2020 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சிறிய பழைய கடைகளுக்கு அதில் விலக்கு உண்டு.

நமக்கு அண்மையில், மலைக்கு அப்பால், இந்தக் கேள்வி சட்டமொழியில் கேட்கப்பட்டது. கே. ராமகிருஷ்ணன் எதிர் கேரள மாநிலம் என்று அறியப்படும் வழக்கில் 1999 ஜூலை 12 அன்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் புகைப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி அது பொதுத்தொல்லை. தொல்லை என்று சொன்னவுடனே தொல்லை தருபவன் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறான். லிக்கின்டின் சொல்லில் காணாமற்போன எழுவாயை நீதிபதிகள் மீட்டுக்கொண்டுவந்தார்கள் என்பேன். 2001 நவம்பரில் முரளி தேவ்ரா வழக்கில் உச்சநீதிமன்றம் இதை நாடு முழுமைக்கும் விரித்தது. 2003இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. பேருந்தில் முன்னிருக்கைக்காரரின் புகையைக் கண் எரியச் சகித்துக்கொண்டு பயணம் செய்த தலைமுறைக்கு இந்த மாற்றத்தின் அளவு தெரியும். என் மாணவர்களிடம் பேருந்திலும் திரையரங்கிலும் புகைத்தார்கள் என்று சொன்னால் கதை விடுவதாக நினைக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு பேசுவது பொது இடம் பற்றி மட்டும். 2009-10இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில், வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்ன இந்தியர்கள் 52 விழுக்காடு. 2016-17இல் அது 38.7 ஆகக் குறைந்தது. அந்த இரண்டாம் கணக்கெடுப்பில் புகைத்த ஆண்கள் 19 விழுக்காடு, பெண்கள் 2 விழுக்காடு. சிகரெட்டைவிடப் பீடி புகைப்பவர்களே அதிகம். ஹிராயாமாவின் படிவங்களில் இருந்த வீடுகளைப் போன்றவைதான் இவையும்: அவன் புகைக்கிறான், அவள் புகைப்பதில்லை, அறை ஒன்றுதான்.